சங்கு ஊதினா எங்கே ஓடுறது? அணுகுண்டு பயமும் கும்மிடிப்பூண்டி தகர ஷெட்டும்

கும்மிடிப்பூண்டி:
சிப்காட்டில் தினமும் சங்கு ஊதுகிறது. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், நைட் ஷிப்ட். அந்த சத்தம் கேட்டால் இங்குள்ள தொழிலாளிக்குத் தெரிந்தது ஒன்றுதான். டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு கேட்டுக்கு ஓடணும். லேட்டானா அரை நாள் சம்பளம் போச்சு!

அதே சங்கு நாளைக்கு போர் ஆபத்துக்காக ஊதினால்? எங்கே ஓடுவது? வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. 2025 மே மாதம் நாடு முழுக்க இந்தக் கேள்விதான் ஓடியது. பஹல்காமில் ஏப்ரல் 22-ந்தேதி 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மே 7-ந்தேதி அதிகாலை 'ஆபரேஷன் சிந்தூர்' தாக்குதல் நடந்தது. அதே நாளில் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் போர்க்கால ஒத்திகை நடத்தச் சொல்லி மத்திய உள்துறை அமைச்சகம் ஏற்கனவே உத்தரவு போட்டிருந்தது. சைரன் ஊதிப் பார்ப்பது, விளக்கை அணைத்து ஊரை இருட்டாக்குவது, முக்கிய ஆலைகளை மறைப்பது, மக்களை வெளியேற்றும் திட்டத்தைச் சரிபார்ப்பது, மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் பயிற்சி கொடுப்பது. இதுதான் உத்தரவின் சாரம்.

தமிழ்நாட்டில் அன்று மாலை 4 மணிக்கு ஒத்திகை நடந்தது சென்னை துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும். பட்டியலில் இருந்த பெயர்களும் சென்னை, கல்பாக்கம்தான். திருவள்ளூர் மாவட்டத்தின் பெயர் தனியாக இல்லை.

மே 10-ந்தேதி சண்டை நின்றது. டிவியில் ஓடிய அனிமேஷன் ஏவுகணைகளும் நின்றன. ஆனால் எல்லையில் எப்போது சத்தம் கேட்டாலும் டீக்கடை பெஞ்சில் அதே பேச்சு திரும்ப வருகிறது. "அணுகுண்டு போட்டா எல்லாரும் காலி, அப்புறம் என்ன ஒத்திகை?"

பாதி உண்மை, பாதி பொய். பொய்யான பாதிதான் ஆபத்தானது.

எல்லாரும் காலியா?

முதலில் பயத்துக்கு அடிப்படை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம் 2025-ல் சொன்ன கணக்குப்படி இந்தியாவிடம் சுமார் 180 அணுகுண்டுகள், பாகிஸ்தானிடம் சுமார் 170. கராச்சியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். பாகிஸ்தான் 2015-ல் சோதித்த ஷாஹீன்-3 ஏவுகணை 2,750 கிலோமீட்டர் போகும். ஆக, "நமக்கும் அவனுக்கும் ரொம்ப தூரம்" என்பதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு.

அதற்காக நாளைக்கே குண்டு விழும் என்று அர்த்தமில்லை. முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் கொள்கை. 1988 டிசம்பர் 31-ந்தேதி இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஒருவர் அணுமின் நிலையத்தை மற்றவர் தாக்கக்கூடாது. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ந்தேதியும் "எங்க அணு நிலையங்கள் இங்கெல்லாம் இருக்கு" என்று இரு அரசுகளும் பட்டியல் மாற்றிக்கொள்கின்றன. எவ்வளவு சண்டை நடந்தாலும் இந்தப் பட்டியல் மட்டும் நிற்கவில்லை. புத்தாண்டு வாழ்த்து மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது!

சரி, விழுந்தால்?

1945 ஆகஸ்ட் 6-ந்தேதி ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோ டன் குண்டு. சுற்றி 2 கிலோமீட்டர் வரை ஊர் எரிந்து தரைமட்டம். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் செத்தார்கள். இதில் சைரன் சம்பந்தப்பட்ட ஒரு கொடுமை உண்டு. அன்று காலை விமானம் வருகிறது என்று சைரன் ஊதினார்கள். 7.31-க்கு "ஆபத்து நீங்கியது" என்று மறுபடி ஊதினார்கள். ஜனங்கள் வெளியே வந்து வேலைக்குக் கிளம்பினார்கள். 8.15-க்கு குண்டு!

அதே ஊரில் இன்னொரு சம்பவம். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே இருந்து வெறும் 170 மீட்டர் தூரத்தில் ஒரு கான்கிரீட் கட்டிடம். ஏதோ காகிதம் எடுக்க கீழ்த்தளத்துக்குப் போயிருந்த ஊழியர் ஒருவர் உயிரோடு வெளியே வந்தார். 1982 வரை வாழ்ந்தார். மேலே இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை.

இன்றைய குண்டுகள் ஹிரோஷிமா குண்டை விடப் பெரிதாகவும் இருக்கலாம். நடுவில் மாட்டினவனுக்கு எந்த ஒத்திகையும் உதவாது. மறுக்கவில்லை. ஆனால் நடுவில் மாட்டாதவன் எத்தனை பேர்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரி சென்னை துறைமுகத்தைக் குறி வைத்தான், ஹிரோஷிமா அளவு குண்டு போட்டான் என்று வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். இங்கே ஒரு வீடும் இடியாது. இங்கே வரப்போவது வேறு இரண்டு.

ஒன்று, ஜனங்கள். சென்னையை விட்டு வடக்கே கிளம்பும் ரோடும் ரயிலும் நம்ம ஊர் வழியாகத்தான். கொல்கத்தா நெடுஞ்சாலையில் சாதாரண பொங்கல் லீவுக்கே வண்டி நகராது.

இரண்டு, தூசி. குண்டு தரையைத் தொட்டு வெடித்தால் மண்ணும் கல்லும் கதிர்வீச்சுத் தூசியாக மேலே போய், காற்று அடிக்கும் பக்கம் பல கிலோமீட்டர் தள்ளி கொட்டும். உயரத்தில் வெடித்தால் இந்தத் தூசி குறைவு. எந்தப் பக்கம் போகும் என்பது காற்றின் கையில். வடகிழக்குப் பருவமழை காலத்தில் கடலிலிருந்து தரைப்பக்கம் காற்று அடிப்பது மீனவர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்தத் தூசி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. இதன் வீரியம் மளமளவென்று குறையும். 7 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. 2 நாளில் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் "முதல் 24 மணி நேரம் கான்கிரீட் கட்டிடத்துக்குள்ளே, நடுப்பகுதியில் இரு, வெளியே வராதே" என்கிறார்கள். வெளியே மாட்டிக்கொண்டால், உள்ளே வந்ததும் மேல்துணியைக் கழற்றி பையில் கட்டி தூரப் போட்டு, சோப்பு போட்டு தலையோடு குளிக்க வேண்டும். மேல்துணியைக் கழற்றினாலே பெரும்பகுதி தூசி போய்விடும்.

அயோடின் மாத்திரை பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி ஓடாதீர்கள். அது தைராய்டை மட்டும், அதுவும் ஒரே ஒரு வகை கதிர்வீச்சுப் பொருளிடமிருந்து மட்டும் காக்கும். அரசு சொன்னால் மட்டுமே சாப்பிட வேண்டும். அயோடின் உப்பை அள்ளித் தின்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜப்பானில் 2011-ல் புகுஷிமா அணு உலை வெடித்தபோது சீனாவில் ஜனங்கள் கடை கடையாய் உப்பை வாங்கிக் குவித்தார்கள். மிஞ்சியது உப்பு மூட்டைதான்.

தகர ஷெட்டில் எங்கே நடுப்பகுதி?

இங்கேதான் நம்ம பிரச்சினை ஆரம்பிக்கிறது.

"கான்கிரீட் கட்டிடத்துக்குள் போ" என்பது டெல்லியில் எழுதிய அறிவுரை. சிப்காட்டைச் சுற்றி இரும்பு ஆலைகளிலும் உருக்கு ஆலைகளிலும் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் தங்கியிருப்பது எங்கே? ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட லைன் வீடு. தகர ஷெட். ஒரு ரூமுக்கு ஆறு பேர், எட்டு பேர். ஒருத்தன் எழுந்து போனால்தான் இன்னொருத்தன் படுக்க முடியும். நம்ம உள்ளூர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பெரிய வித்தியாசமில்லை. கதிர்வீச்சுத் தூசிக்கு தகரம் ஒரு தடுப்பே அல்ல.

கான்கிரீட் கட்டிடம் இந்தப் பகுதியில் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. ஆலைகளின் ஆபீஸ் கட்டிடங்கள் இருக்கின்றன. கேள்வி என்னவென்றால், ராத்திரி 2 மணிக்கு அந்தக் கதவுச் சாவி யார் கையில்? எந்தத் தெரு ஜனம் எந்தக் கட்டிடத்துக்குப் போகணும்? தொழிலாளிக்கு யார் சொன்னார்கள்?

புதிதாக பங்கர் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

பங்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே உள்ள பெரியவர்களுக்கு இந்த ஒத்திகையெல்லாம் புதுசு கிடையாது. வீட்டு முற்றத்தில் பதுங்கு குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, 'பொம்மர்' சத்தம் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தவர்கள். எந்த சத்தத்துக்கு ஓடணும், எந்த சத்தத்துக்குப் படுக்கணும் என்று காதாலேயே கற்றுக்கொண்டவர்கள். குடிமைப் பாதுகாப்புப் பாடம் எடுக்க இந்த மாவட்டத்தில் அவர்களை விட அனுபவசாலிகள் கிடையாது. கூப்பிட்டுக் கேட்கத்தான் ஆளில்லை.

எம்டன் எதைச் சுட்டான்?

வம்பு பிடித்த ஆளை "அவன் ஒரு எம்டன்"னு சொல்றோமே, அந்த வார்த்தை சும்மா வந்ததில்லை. 1914 செப்டம்பர் 22-ந்தேதி ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்து அரை மணி நேரம் குண்டு வீசியது. எதைக் குறி வைத்தது? கோட்டையையா, கோர்ட்டையா? துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் டேங்குகளை! டேங்குகள் கொழுந்துவிட்டு எரிந்தன. செத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அடுத்த சில நாட்களில் ஊரை விட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மறுபடி பீதி. அரசாங்க ஆபீஸ்களையே வெளியூருக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்தால் கூண்டு உடையும் என்று மிருகக்காட்சி சாலை சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் கப்பல் வரவே இல்லை. பாவம், புலி செத்ததுதான் மிச்சம்.

எதிரி குறி வைப்பது எண்ணெய், துறைமுகம், மின்சாரம். நூறு வருஷத்துக்கு முன்பும் அதுதான், இப்பவும் அதுதான். அவை இன்று எங்கே இருக்கின்றன? மணலியில் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் காமராஜர் துறைமுகம், 2019-ல் திறந்த எல்.என்.ஜி. முனையம். அத்திப்பட்டு, வல்லூரில் அனல்மின் நிலையங்கள். காட்டுப்பள்ளியில் துறைமுகம். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. கடற்கரையோடு ஒரு கோடு போட்டால் எல்லாம் நம்ம பக்கம்தான் வருகிறது. அணுகுண்டே வேண்டாம், ஒரு டிரோன் ஓர் எண்ணெய் டேங்க்கில் விழுந்தால் போதும். சென்னைக்கு ஒத்திகை வேண்டும் என்றால் திருவள்ளூருக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

எதிரி வராமலே நடந்தவை

இதெல்லாம் போர் வந்தால்தானே என்று ஒதுக்க முடியாது. போர் இல்லாமலே நமக்கு பரீட்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2023 டிசம்பர் 26-ந்தேதி நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு கண் எரிச்சல், மூச்சுத் திணறல். கடலுக்குள் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிவு. ஜனங்கள் கைக்குழந்தையோடு தெருவில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்று சொல்ல ஆளில்லை. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

2024 அக்டோபர் 11-ந்தேதி ராத்திரி கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. பெட்டிகள் சரிந்தன, ஒரு பெட்டி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். 19 பேர் காயம், உயிர்ச்சேதம் இல்லை. இருட்டில் முதலில் ஓடிப்போனது அக்கம்பக்கத்து ஜனங்கள்தான். பயணிகளை மண்டபங்களில் தங்கவைத்து சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். பயிற்சி இல்லாமலே இவ்வளவு செய்த ஊர் இது!

2025 ஜூலை 13-ந்தேதி அதிகாலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம் புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தன. கரும்புகை வானத்தை மறைத்தது. பக்கத்துக் குடியிருப்பு ஜனங்களை வெளியேற்றினார்கள். அங்கேயும் உயிர்ச்சேதம் இல்லை.

எல்லா இடத்திலும் அதிர்ஷ்டம் கை கொடுக்காது. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7-ந்தேதி அதிகாலை எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் செத்தார்கள். ஆந்திர அரசின் விசாரணைக் குழு அறிக்கையில் ஒரு அதிர்ச்சி. ஆலையில் அபாய சங்கை ஒலிக்கவைக்க 36 இடங்களில் வசதி இருந்தது. ஓர் இடத்தில்கூட யாரும் அமுக்கவில்லை! சரியாக 5 வருஷம் கழித்து அதே மே 7-ந்தேதி நாடு முழுக்க சைரன் ஒத்திகை நடந்தது தற்செயல்தான்.

ஒரே சங்கு, எதிர் எதிர் உத்தரவு

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கணும்.

கதிர்வீச்சுத் தூசி என்றால் உள்ளே போ, 24 மணி நேரம் கதவைச் சாத்து. அமோனியா கசிவு உன் பக்கம் வருகிறது என்றால், நேரம் இருந்தால் காற்றுக்குக் குறுக்கே விலகிப் போ, ஈரத்துணியை மூக்கில் வை. அமோனியா தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத்துணி ஓரளவு காப்பாற்றும். குண்டுவீச்சு என்றால் தரையோடு படு, ஜன்னல் பக்கம் போகாதே, வெளிச்சத்தைப் பார்க்காதே.

மூன்று ஆபத்து. மூன்று வேலை. ஒரே சங்கு!

குடிமைப் பாதுகாப்பு முறைப்படி விமானத் தாக்குதல் எச்சரிக்கை சைரன் ஏறி இறங்கி ஒலிக்கும், 2 நிமிடம். ஆபத்து நீங்கியது என்றால் ஒரே சீராக 2 நிமிடம். ஷிப்ட் சங்கும் ஒரே சீராகத்தானே ஊதுகிறது? ஒரு ஆலையில் தீ என்றால் விட்டு விட்டு ஊதுவார்கள், பக்கத்து ஆலையில் வேறு மாதிரி ஊதுவார்கள். சுவருக்கு வெளியே லைன் வீட்டில் படுத்திருப்பவனுக்கு எது எதென்று எப்படித் தெரியும்? சங்குக்குப் பின்னால் மைக்கில் ஒரு குரல் வரணும். தமிழில் வரணும், இந்தியில் வரணும், ஒடியாவிலும் வரணும். செல்போனில் அலறும் அபாய எச்சரிக்கைச் செய்தியை 2023-ல் சோதித்துப் பார்த்தார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆலைக்குள் செல்போன் வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகளில் அது லாக்கருக்குள் அலறும்.

மிச்சாங் புயலில் கரண்ட் போய், டவர் போய், போன் செத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

காயலான் கடை என்றதும் இன்னொன்று. கதிர்வீச்சு குண்டிலிருந்து மட்டும்தான் வரும் என்றில்லை. டெல்லி மாயாபுரி ஸ்கிராப் மார்க்கெட்டில் 2010 ஏப்ரலில் என்ன நடந்தது? பல்கலைக்கழக ஆய்வகம் ஏலத்தில் விட்ட பழைய கருவி. உள்ளே கோபால்ட்-60. தெரியாமல் உடைத்தார்கள். ஒருவர் செத்தார், பலருக்கு உடம்பெல்லாம் புண். ஸ்கிராப்பை உருக்கும் ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிக்கு இதுதான் பக்கத்து வீட்டு அணு ஆபத்து. ஸ்கிராப்பில் மூன்று இறக்கை விசிறி மாதிரி அடையாளம் போட்ட பெட்டியோ, அளவுக்கு மீறி கனக்கும் ஈயக் குடுவையோ வந்தால் கேஸ் கட்டர் வைக்காதீர்கள். தள்ளி நின்று சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

சட்டம் இருக்கு சார்

புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 1968-ம் ஆண்டு குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தை 2009-ல் திருத்தி, போருக்கு மட்டுமல்ல, பேரிடருக்கும் இந்தப் படை என்று சேர்த்துவிட்டார்கள். அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயப் பொருள் வைத்திருக்கும் ஆலை, 6 மாதத்துக்கு ஒருமுறை உள்ளே ஒத்திகை நடத்தணும். மாவட்ட நிர்வாகம் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆலைக்கு வெளியே நடத்திப் பார்க்கணும். சுற்றி இருக்கும் ஜனங்களுக்கு "எங்களிடம் இன்ன ஆபத்து இருக்கு, நடந்தால் இதைச் செய்யுங்க, இதைச் செய்யாதீங்க" என்று ஆலையே சொல்லணும்.

உங்கள் தெருவுக்கு யாராவது வந்து சொன்னார்களா? சொல்லியிருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆலை சேஃப்டி ஆபீசரிடம் கேட்கலாம், கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம், 1077-க்கு போன் போட்டு கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையைக் கேட்கலாம். சங்கு எத்தனை மாதிரி ஊதும், எதற்கு எது, எங்கள் தெருவுக்கு எந்தக் கட்டிடம், சாவி யாரிடம். இவ்வளவுதான் கேட்கணும்.

ஒத்திகை என்றால் பெரும்பாலும் எப்படி நடக்கிறது? பகலில், ஆபீஸ் நேரத்தில். மஞ்சள் தொப்பி போட்ட ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு ஓட, கேமரா கிளிக் ஆகும். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். நாங்களும்தான் போடுகிறோம்.

அடுத்த ஒத்திகையை கும்மிடிப்பூண்டியில் ராத்திரி 12 மணிக்கு வைத்துப் பார்க்கட்டும். கேட்டுக்கு உள்ளே வேண்டாம், லைன் வீட்டுச் சந்தில். பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான்.